செவ்வந்தியின் இடது காது

வீட்டுப் பெண்ணுக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் வர வேண்டும், மடியில் உட்கார வைக்க வேண்டும், அழுகிற வாயில் வெல்லக்கட்டியைத் திணிக்க வேண்டும். செவ்வந்திக்கு அந்தக் கொடுப்பினை எதுவும் இல்லை. மொபெட்டில் வந்து இறங்கிய ஒரு மனிதர் அதைக் கொல்லை வேப்பமரத்தில் இழுத்துக் கட்டச் சொன்னார். பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, இடது காதைப் பிடித்து, ஒரே அழுத்தாக அழுத்தினார். அது போட்ட கத்தலில், உள்ளே தறிக்குழியில் உட்கார்ந்திருந்த ராஜவேலு நெசவு நாடாவைக் கை தவறவிட்டான்.

செவ்வந்தி, பேங்க் கடனில் வாங்கிய, ஒரு கன்று ஈன்ற செவலை ஜெர்சிப் பசு. அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆரணியில். கடன் வேண்டுமென்றால் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். மொபெட்காரர் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆள், பெயர் தனக்கோடி. அவர் குறட்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தபோது செவ்வந்தியின் காதில் ஒரு தகடு தொங்கியது, தகட்டில் ஏதோ எண். சாயங்காலத்துக்குள் தெருவில் அதற்குப் பேங்க் கம்மல் என்று பெயர் வந்துவிட்டது.

"இனிமே மாட்டைப் பத்தி உங்களுக்குக் கவலையே வேணாம்மா. கம்பெனி பாத்துக்கும்" என்றார் தனக்கோடி.

ராஜவேலுவின் பெண்சாதி கெங்கம்மாள் அதை நம்பினாள். அவள் மேல் குற்றமில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் பார்த்துக்கொள்வார் என்றுதான் அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அர்த்தம்.

பிள்ளை இல்லாத வீடு. ராஜவேலு தறியில் இருப்பான், கெங்கம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து ராட்டினத்தில் அவனுக்குப் பட்டுநூல் சுற்றிக் கொடுப்பாள். ராட்டினத்துக்கு எட்டின தூரத்தில்தான் செவ்வந்தியைக் கட்டியிருந்தார்கள். இவள் ராட்டினத்தைச் சுற்றச் சுற்ற அது அசைபோடும். இவள் கை நின்றால் அதன் வாயும் நின்று, என்ன ஆச்சு என்பது போலத் திரும்பிப் பார்க்கும். மாசக்கணக்கில் இந்த ஜோடிப்பொருத்தத்தைப் பார்த்த ராஜவேலு, ஊரில் எல்லாரும் மாடு கட்டுகிறார்கள், என் வீட்டில்தான் மாடு மருமகளாக வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பான்.

முதல் தகராறு வயிற்றுப்போக்கில் வந்தது. புதுத் தவிடு ஒத்துக்கொள்ளாமல் செவ்வந்தி தண்ணீராய்க் கழிந்து, கண் குழி விழுந்து நின்றது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து வெளியே கடையில் வாங்கச் சொன்னார். கெங்கம்மாள் கடைக்குப் போகவில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பேங்குக்குப் போனாள். கம்பெனிதான் பார்த்துக்கொள்ளப் போகிறதே. வியாழக்கிழமைகளில் தனக்கோடி அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

சீட்டைப் பார்த்த தனக்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வைத்தியம் இதுல வராதும்மா. மாடு செத்தா வரும்."

"செத்தப்புறம் மருந்து வாங்கி யாருக்குங்க ஊத்தறது?"

"மருந்துக்கு இல்லம்மா. செத்துப்போனா மாட்டோட விலை வரும். அதுதான் பாலிசி."

"சாவறதுக்கு முன்னாடி ஒண்ணுமே கெடையாதுங்களா?"

"முன்னாடி எதுக்கு? அதுதான் உயிரோட இருக்குதே."

கெங்கம்மாள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே பேங்கில் ரகளையாகியிருக்கும். வெளியே வந்து மருந்தை வாங்கினாள். வழிநெடுக, உயிரோடு இருக்கிற மாட்டைத் திரும்பிப் பார்க்காத, செத்த மாட்டுக்கு மட்டும் மாலையோடு வருகிற அந்தக் கம்பெனியை மனசார வைதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். மருந்து கேட்டது. செவ்வந்தி எழுந்து தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தது.

ஐப்பசி மழையில் அடுத்த பேஜார் ஆரம்பித்தது. தகடு குத்தின இடம் சீழ் வைத்தது. கெங்கம்மாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிப் பார்த்தாள். தகடு காதைக் கவ்விப் பிடித்திருந்ததால் அடியில் மருந்து போகவில்லை. ஈ மட்டும் எப்படியோ போயிற்று. செவ்வந்தி ராத்திரி பகல் தலையை உதறியபடி நின்றது. தீனி எடுக்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, தகட்டை எடுத்தால்தான் புண் ஆறும் என்றார். "ஆனா இன்சூரன்ஸ்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கினு எடுங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

கேட்கலாம்தான். கேட்பதற்கு ஆள் வேண்டுமே. தனக்கோடி வியாழக்கிழமை வரவில்லை. தெள்ளார் பக்கம் போயிருப்பதாகப் பேங்கில் சொன்னார்கள். அடுத்த முறை போனபோது தேசூர் என்றார்கள். அந்த மனிதர் எந்தெந்த ஊர் மாட்டின் காதையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. நீங்களே எடுக்கச் சொல்லுங்கள் என்று கெங்கம்மாள் பேங்க் குமாஸ்தாவிடம் கெஞ்சினாள். கடன் எங்களுடையது, தகடு அவர்களுடையது, அதில் நாங்கள் கை வைக்க முடியாது என்றார் அவர்.

"மாடு யாருதுங்க?" என்று கேட்டாள்.

குமாஸ்தா ரப்பர் முத்திரையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் காதில் புழு நெளிந்தது. கெங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோய் வந்தால் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கம்மல் என்றார்கள். அந்தக் கம்மலே நோயாகி உட்கார்ந்துகொண்டு, என்னைத் தொடாதே என்கிறது. அவள் பக்கத்து வீட்டு வண்டிக்காரன் தருமனைக் கூப்பிட்டாள்.

"தருமா, கொம்பைப் புடி. நான் வெட்டிடறேன்."

"வெட்டினா பேங்க்காரன் வருவான்க்கா."

"வரட்டும். வந்து பொழுவைப் பொறுக்கட்டும்."

குறட்டால் கடையாணியை நறுக்கித் தகட்டை எடுத்தாள். புழுவைக் கழுவி மருந்து வைத்தாள். காதின் ஓரத்தில் ஒரு துண்டு போயே போய்விட்டது. ஆனாலும் சாயங்காலம் ராட்டினச் சத்தம் கேட்டதும் செவ்வந்தி அசைபோட ஆரம்பித்தது. அதைப் பார்த்தபோதுதான் கெங்கம்மாளுக்கு அழுகை வந்தது.

இப்போது ராஜவேலுவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவன் சாது, அதிகம் பேசமாட்டான். கவர்மென்ட் தகட்டைக் கழற்றிவிட்டோமே என்று தறியில் உட்கார்ந்தபடியே வேர்த்துப்போனான். கடைசியில் தனக்குத் தெரிந்த வித்தையில் ஒரு வழி கண்டுபிடித்தான். தறியில் பழைய பாவு நூல் முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழைக்கு இழை முறுக்கிப் பிணைப்பதில் அவன் கைக்குத் தெருவில் பேர் உண்டு. பிணைத்த இடம் கண்ணுக்கும் தெரியாது, இழுத்தாலும் விடாது. இடது காது புண்ணாயிருந்ததால், நன்றாயிருந்த வலது காதில் ஊசியால் மெல்லிசாய் ஒரு துளை போட்டான். முறுக்கிய பட்டிழையைக் கோத்தான், தகட்டை அதில் தொங்கவிட்டான், இழையின் இரண்டு முனைகளையும் பிணைத்துவிட்டான். கெங்கம்மாள் ஊட்டிய வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்த செவ்வந்திக்கு நடந்ததே தெரியாது.

"இப்ப யாரு வந்து பாத்தாலும் ஒண்ணும் கேக்கமாட்டான். தகடு அதே தகடு, மாடு அதே மாடு" என்றான்.

பாவில் ஒரு இழை இடம் மாறினால் தூக்கம் வராத மனிதனுக்கு, காது மாறியதில் ஒன்றும் தோன்றவில்லை. கெங்கம்மாளுக்கும் தோன்றவில்லை. கம்மல் என்றால் எந்தக் காதில் தொங்கினால் என்ன?

தனக்கோடிக்குத் தோன்றியது. வருஷம் திரும்பி, பாலிசியைப் புதுப்பிக்க மாட்டைப் பார்க்க வந்தவர், செவ்வந்தியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். தாளைப் பார்த்தார். மறுபடி காதைப் பார்த்தார்.

"இந்த மாடு இல்லையே."

கெங்கம்மாளுக்கு முதலில் புரியவே இல்லை. "எந்த மாடு இல்லைங்க?"

"எங்க மாடு. எங்க மாட்டுக்கு இடது காதுல தகடு. இதுக்கு வலது."

"இடதுல பொழு வெச்சுப் போச்சுங்க. அதனால இங்க மாத்திக் கட்டினோம். இதோ பாருங்க, இடதுல ஓட்டை, தழும்பு எல்லாம் கீது."

"இது ஓட்டை விழுந்த மாடும்மா. ஓட்டை எந்த மாட்டுக்கு வேணும்னாலும் விழும். எங்க மாட்டை வித்துட்டீங்களா?"

உள்ளேயிருந்து ராஜவேலு எழுந்து வந்தான். தன் கைவேலையைக் காட்டினால் விவகாரம் தீர்ந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ, பிணைப்பு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்கிற முகத்தோடு பட்டிழையைத் தூக்கிக் காட்டினான். அதுவே வினையாகிப் போயிற்று. தகட்டை வேறு மாட்டில் மாட்ட இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்திருக்கிறார்களே என்று தனக்கோடியின் புருவம் ஏறியது. வேறு மாடென்று எழுதிக் கொடுத்தால் பேங்க் கடனை ஒரேயடியாகத் திருப்பிக் கேட்கும், கட்ட வழியில்லாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடும் என்றார்.

"எந்த மாட்டை ஓட்டிக்கினு போவாங்க? இதுதான் உங்க மாடு இல்லைன்றீங்களே" என்றாள் கெங்கம்மாள்.

தனக்கோடி மறுபடியும் தாளைப் பிரித்தார். அவர் கெட்டவரில்லை. தாளில் ஒன்று, கண்ணெதிரே ஒன்று என்று இருந்தால் தாளை நம்பச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். கடைசியில் தருமன் வந்து சாட்சி சொன்னான், டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்தார். தகடு தொலைந்துபோனதாக ஒரு மனு எழுதச் சொல்லி, இதே மாட்டுக்குப் புதுத் தகடு போடுகிறேன் என்று தனக்கோடி இறங்கி வந்தார்.

"வலதுலயே போடுங்க. அதுதான் நல்லா கீது" என்றாள் கெங்கம்மாள்.

"தாள்ல இடதுன்னு இருக்கும்மா."

ஆறின காதிலேயே மறுபடி குத்தினார். இந்தத் தடவை செவ்வந்தி கத்தவில்லை, கெங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குப் பொறுக்கவில்லை. வலது காதில் தொங்கிய பழைய தகட்டை, இழையை அறுத்து எடுத்து, இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று தனக்கோடியின் முன்னால் போட்டாள். அவர் அதைக் காலால் ஒதுக்கினார்.

"இதை வெச்சு இன்னா பண்றது? நல்லா கேட்டுக்கம்மா. தகடுன்னா காதோட இருக்கணும். காது இல்லாத தகடு வெறும் தகரம்."

கெங்கம்மாள் அதை நன்றாகவே கேட்டுக்கொண்டாள்.

செவ்வந்தி இரண்டாவது கன்றை ஈன்றது தை மாதத்தில். அழகான கிடாரி. ஈன்ற மறுநாள் காலையில் பால் மடி கொள்ளாமல் வந்தது. கெங்கம்மாள் சீம்பாலைத் தெருவெல்லாம் கொடுத்தாள். பத்து மணி வாக்கில் செவ்வந்தியின் கால் தடுமாறியது. கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

ராஜவேலு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். டாக்டர் களம்பூரில் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். அவன் அங்கிருந்து அப்படியே களம்பூருக்கு மிதித்தான். கெங்கம்மாள் தருமனைக் காவல் வைத்துவிட்டுப் பேங்குக்கு ஓடினாள். வியாழக்கிழமை, தனக்கோடி இருந்தார்.

"மாடு வுழுந்து கெடக்குதுங்க. பால் காய்ச்சலாம், தருமன் சொல்றான். ஒரு ஊசி போட்டா எந்திரிச்சுக்குமாம். உங்க கம்பெனியில ஒரு டாக்டர் இருப்பாரு இல்ல, ஜல்தியா அனுப்புங்க."

"கம்பெனியில ஏதும்மா டாக்டர்?"

"செத்தா முழு விலையும் குடுப்பீங்களே, அதுக்கு ஒரு ஊசி எவ்ளோ மலிவு. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குத்தான் லாபம்."

தனக்கோடி தலையைக் குனிந்துகொண்டார். "நீ சொல்றது ஞாயம்தான்மா. ஆனா அதுக்கு வழி இல்ல. அப்படி ஏதாவது ஆச்சுன்னா மட்டும் எனக்கு ஒடனே சொல்லியனுப்பு."

கெங்கம்மாள் திரும்பி ஓடினாள். அவள் ஓட்டத்தைப் பார்த்து வழியில் நிறுத்திக் கேட்டவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இன்சூரன்ஸ் இருக்குது இல்ல? அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை அவள் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை.

களம்பூரிலிருந்து டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது செவ்வந்தி கண்ணைத் திறந்தபடியே செத்துப்போயிருந்தது. கெங்கம்மாள் ராட்டினத்தைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நூல் இல்லாமலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். ரொம்ப வருத்தப்பட்டார். வயிற்றை அறுத்துப் பார்த்து, சான்றிதழ் எழுதி முடித்துவிட்டு, தகட்டைக் கழற்றக் குறடு எடுத்தார். அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற கெங்கம்மாள் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"கழட்டாதீங்க சார்."

"இதுதான் வேணும்மா கம்பெனிக்கு."

"வேணாம் சார். ஒரு தபா கழட்டிட்டுப் பட்டது போதும். இது அந்த மாடு இல்லைன்னுவான். செத்தது யாருன்னு கேப்பான். தகடு காதோட இருக்கணும்னு அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கிறாரு."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறட்டைப் பைக்குள் வைத்தார். தகட்டைக் காதோடு அறுத்து எடுக்கச் சொல்லி அவள் நீட்டிய கத்தியை ராஜவேலு வாங்க மறுத்துவிட்டான். தருமன் நான் மாட்டேன் என்று தெருப்பக்கம் போய்விட்டான். கெங்கம்மாளே உட்கார்ந்தாள். புழு வைத்தபோது அவள் கழுவிக் காப்பாற்றின காது. ஓரத்தில் துண்டு போயிருந்த காது. அடியோடு அறுத்து எடுக்க நேரமாயிற்று. அறுக்கிறவரைக்கும் அவள் தனக்கோடியைத் திட்டவில்லை, கம்பெனியைத் திட்டவில்லை. மன்னிச்சுக்கடி, மன்னிச்சுக்கடி என்று மாட்டிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தருமனின் வண்டியில் ஏற்றிப் போய், ஆற்றங்கரையில் புதைத்தார்கள். ஒரு காதோடு குழியில் கிடந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கெங்கம்மாள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

காதில் மஞ்சளைப் பூசி, வேப்பிலையை வைத்து, ராஜவேலு தறியில் மிஞ்சின பட்டுத்துண்டு ஒன்றில் சுற்றினாள். அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, கன்றுக்குட்டியைத் தருமனிடம் விட்டுவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் வேலூருக்குப் போனார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி மூக்கை மூடிக்கொண்டு, பையில் கருவாடா என்று கேட்டாள். கெங்கம்மாள் பையை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

கம்பெனி ஆபீஸ் மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஒரு வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தது அவளுக்கு அதிசயமாயிருந்தது.

"தகடு கொண்டாந்தீங்களா?"

கெங்கம்மாள் பட்டுத்துண்டைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள்.

இளைஞர் நாற்காலியோடு பின்னால் போனார். "ஐயோ, என்னம்மா இது?"

"காதுங்க. இடது காது. தாள்ல பாத்துக்குங்க, இடதுன்னுதான் இருக்கும்."

"காதை எதுக்கும்மா அறுத்தீங்க? தகடு மட்டும் போதுமே. டாக்டர் சர்டிபிகேட் இருக்குது, தகடு இருந்தா போதும். காதை யார் கேட்டாங்க?"

கெங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். ராஜவேலுதான் மெதுவாகச் சொன்னான். "காது இல்லாத தகடு வெறும் தகரம்னு சொன்னாங்க சார்."

"அது மாடு உயிரோட இருக்கறப்பங்க. செத்தப்புறம் காது எதுக்கு?" அவர் பியூனைக் கூப்பிட்டார். பியூன் காகிதத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குறட்டால் தகட்டைக் கழற்றி ஒரு கவரில் போட்டார். பணம் நேராகப் பேங்குக்குப் போய்க் கடனில் கழிந்துவிடும், நீங்கள் அலைய வேண்டியதில்லை என்று இளைஞர் அன்பாகவே சொன்னார். பிறகு பேனாவின் நுனியால் பட்டுத்துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இதை எடுத்துக்கினு போயிடுங்கம்மா. கீழ குப்பைத்தொட்டி இருக்குது."

ஒரு வருஷத்துக்கும் மேலாய் அவள் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் வாய்க்கு வந்தது. அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மேஜைமேல் அந்தக் காது கிடந்தது, இரண்டு தடவை குத்தி, ஒரு தடவை புழுத்து, கடைசியில் அவள் கையாலேயே அறுபட்டு. அதை வைத்துக்கொண்டு கத்த அவளுக்கு மனசு வரவில்லை. பட்டை மடித்துச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"வாங்க போவலாம்" என்றாள் புருஷனிடம்.

ஆரணியில் இறங்கி வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை. தருமனிடம் கடப்பாரையை வாங்கிக்கொண்டு இருவரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். மண் இன்னும் ஈரமாய், மேடாய் இருந்தது. ராஜவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைமாட்டில் ஒரு பக்கமாய் நின்று கடப்பாரையை ஓங்கினான்.

"அங்க இல்லைங்க" என்றாள் கெங்கம்மாள். "அது வலது. இந்தப் பக்கம் வாங்க."

அவன் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து தோண்டினான்.